கோடிங் பழக எடிட்டரா, ஐடிஇ-யா? லேப்டாப் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

மதுரை பழங்காநத்தம் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். திருப்பரங்குன்றம், பசுமலை, திருமங்கலம் என்று பிரிந்து போகும் பேருந்துகளில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம்தான் அதிகம். அதில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.இ. என்று ஏதோ ஒன்றில் முதலாமாண்டு சேர்ந்த பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தெருவில் இருக்கும் சீனியர்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

"அக்கா, சார் லேபுல டர்போ சி தான்னு சொல்றாரு. காலேஜ் சீனியருங்க வி.எஸ். கோடு போடுங்கறாங்க. யூடியூப்ல ஒருத்தர், பைசார்ம் இல்லாம பைத்தானே தொடாதீங்கங்கறாரு. நான் எதைத்தான் போடுறது?"

"ஒன் லேப்டாப்புல ராம் எவ்வளவு?"

"நாலு ஜிபி."

"அப்ப மொதல்ல அதைப் பேசுவோம்."

அக்கா சொல்வது சரி. ஆனால் ராமோடு விஷயம் முடிந்துவிடவில்லை. எந்த மென்பொருளில் எழுதிப் பழகுகிறோமோ, அதன் பழக்கவழக்கங்களையும் சேர்த்தே நாம் கற்றுக்கொள்கிறோம். பிறகு எது மொழி, எது மென்பொருளின் வசதி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போகிறது. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு தலைமுறை சாட்சி இருக்கிறது. அதற்கு முன், இந்த இரண்டும் என்னவென்று பார்த்துவிடலாம்.

எழுதுவது யார், ஓட்டுவது யார்?

நீங்கள் எழுதும் நிரல் என்பது வெறும் எழுத்துகள் கொண்ட ஒரு கோப்பு. விண்டோஸில் இருக்கும் சாதாரண நோட்பேடில்கூட எழுதலாம். எழுத, திருத்த, சேமிக்க உதவுவது எடிட்டர். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ், லினக்ஸில் வரும் ஜிஎடிட், நானோ, விம் எல்லாம் இந்த வகை. இவற்றில் கடிதமும் எழுதலாம், கணக்கும் எழுதலாம், சி நிரலும் எழுதலாம். அதனால்தான் பொதுப் பயன்பாட்டு எடிட்டர் என்கிறோம்.

எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். சி மொழிக்கு ஜிசிசி ஒரு கம்பைலர். பைத்தானில் அந்த வேலையை இன்டர்ப்ரெட்டர் பார்க்கிறது. நிரலை வரிவரியாக நிறுத்தி, எந்த இடத்தில் எந்த மதிப்பு மாறுகிறது என்று காட்டுவது டீபக்கர். இவை மூன்றும் தனித்தனி மென்பொருள்கள்.

எடிட்டர், கம்பைலர், டீபக்கர் என எல்லாவற்றையும் ஒரே ஜன்னலுக்குள் வைத்து, ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் நடக்கும்படி செய்ததுதான் ஐடிஇ. தமிழில் ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல் என்று சொல்லலாம். எக்லிப்ஸ், நெட்பீன்ஸ், இன்டெலிஜே, பைசார்ம், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எல்லாம் ஐடிஇ-கள்.

அருவாமனையில் காய் நறுக்குவதற்கும் மிக்ஸியில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று சிலர் இதை விளக்குவார்கள். முழுக்கப் பொருந்தாது. ஐடிஇ என்பது மேடை, அடுப்பு, மிக்ஸி, பாத்திரம் எல்லாம் பொருத்திய முழு அடுக்களை. சமைக்க வசதிதான். கேஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே பத்து வருடம் சமைக்கலாம் என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

நீலத் திரையின் கதை

1990-களிலும் 2000-களிலும் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் படித்தவர்களிடம் 'சி' என்று சொல்லிப் பாருங்கள். கண்ணில் வருவது ஒரு நீலத் திரை, மஞ்சள் எழுத்து. அதுதான் டர்போ சி++. அமெரிக்காவின் போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் டர்போ சி-யையும் 1990-இல் டர்போ சி++ஐயும் வெளியிட்டது. இவற்றுக்கு அண்ணன், 1983-இல் வந்த டர்போ பாஸ்கல். எடிட்டரையும் கம்பைலரையும் ஒரே இடத்தில் வைத்து, 49.95 டாலருக்கு விற்று, அந்தக் காலத்துச் சந்தையையே புரட்டிப்போட்ட மென்பொருள் அது.

ஆக, நம்மூர் லேப்கள் முதல் நாளிலிருந்தே ஐடிஇ-யில்தான் சி கற்றுக்கொடுத்தன. அப்போது அது தவறான முடிவும் அல்ல. 640 கேபி நினைவகத்துக்குள் வேலை பார்க்கும், ஒரே ஃப்ளாப்பியில் நண்பனிடம் கொடுக்கலாம் என்ற அளவுக்குச் சின்னதாகச் சுருக்கலாம், கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் நிரல் ஓடும். இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதிய ஒவ்வொரு நிரலிலும் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கும். தொடக்கத்தில் 'கிளியர் ஸ்கிரீன்' என்று வாசிக்கும் சிஎல்ஆர்எஸ்சிஆர். கடைசியில் 'கெட்ச்'. ஏன் எழுதுகிறோம் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. "எழுதலன்னா அவுட்புட் வராது சார்" என்பார்கள்.

உண்மையில் இரண்டுக்கும் சி மொழியோடு சம்பந்தமே இல்லை. டர்போ சி-யில் நிரல் ஓடி முடிந்த உடனே திரை மறுபடி நீல எடிட்டருக்குத் தாவிவிடும். விடையைப் பார்க்க நேரமே இருக்காது. அதனால் ஒரு விசையை அழுத்தும்வரை நிரலைக் காத்திருக்க வைக்க 'கெட்ச்' தேவைப்பட்டது. போன முறை ஓட்டியதன் விடை திரையிலேயே தங்கியிருக்கும், புது விடை அதன் கீழே வந்து விழும். அதைத் துடைக்கத்தான் 'கிளியர் ஸ்கிரீன்'. ஆல்ட் எஃப்5 அழுத்தினால் விடைத்திரையைப் பார்க்கலாம் என்று தெரிந்தவருக்கு 'கெட்ச்' தேவையே இல்லை. ஒரு மென்பொருளின் திரைப் பழக்கம், மொழியின் இலக்கணமாக ரெக்கார்டு நோட்டுகளில் ஏறிவிட்டது.

இன்னொரு உதாரணம். 8-இன் ஃபேக்டோரியல் கண்டுபிடிக்கும் நிரல். சரியான விடை 40320. அதை 'இன்ட்' வகையில் வைத்து டர்போ சி-யில் ஓட்டினால் மைனஸ் 25216 என்று வரும். நிரலின் தர்க்கத்தில் தப்பே இருக்காது. டர்போவில் 'இன்ட்' என்பது 16 பிட். 32767-க்கு மேல் அதில் வைக்க முடியாது, சுற்றி எதிர்மறைப் பக்கம் போய்விடும். அதே நிரலை இன்றைய ஜிசிசி-யில் ஓட்டுங்கள், அங்கே 32 பிட் என்பதால் 12 வரை ஒழுங்காக வரும், 13-இல்தான் கோளாறு தெரியும். "இன்ட் என்றால் 2 பைட்" என்று மனப்பாடம் செய்தவர் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். அது மொழி சொன்ன கணக்கல்ல. அந்தக் கம்பைலர் சொன்ன கணக்கு.

கிராஃபிக்ஸ் லேபில், சி டிரைவில் 'டிசி' ஃபோல்டருக்குள் 'பிஜிஐ' என்று ஒரு முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதச் சொல்வார்கள். வீட்டில் ஒருவன் டர்போவை டி டிரைவில் போட்டிருந்தால் வட்டம் வராது. சி++ மொழிக்கு உலகத் தரநிலை வந்தது 1998-இல். டர்போ சி++ அதற்கு முந்தியது. அதனால் அதில் எழுதிப் பழகிய தலைப்புக் கோப்புகளின் பெயர்களே இன்றைய கம்பைலருக்குப் புரியாது. மென்பொருளுக்கும் வயதாகிவிட்டது. 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நடிக்க வைத்து, அதற்குள் ஓட்ட வேண்டியிருக்கிறது. அப்படியும் சில லேப்களில் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டு பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகம் சி++ஐ டெவ் சி++ மூலம் சொல்லிக் கொடுக்கிறது. அடுத்த ஆண்டு வந்த பிளஸ் டூ புத்தகத்தில் பைத்தான், அதனோடே வரும் ஐடில். டெவ் சி++ சின்ன ஐடிஇ. அதற்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஜிசிசி கம்பைலர்தான். அதாவது பிளஸ் ஒன்னில் நவீன சி++ எழுதிய பிள்ளை, கல்லூரிக்கு வந்து நீலத் திரையில் பழைய சி++ எழுதும் வினோதம் நடக்கிறது.

வி.எஸ். கோடு எந்தக் கட்சி?

இப்போது பிள்ளைகள் அதிகம் டவுன்லோடு செய்வது மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோடு. 2015-இல் அறிமுகமானது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2024-இல் நடத்திய கருத்துக் கணிப்பில், பதில் சொன்ன நிரலாளர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் இதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். (விஷுவல் ஸ்டுடியோ என்று இன்னொன்று உண்டு. அது தனி, பல ஜிபி பிடிக்கும் முழு ஐடிஇ. பெயரைப் பார்த்து ஏமாந்து அதை இறக்கி, டேட்டாவைக் காலி செய்தவர்கள் நிறையப் பேர்.)

வி.எஸ். கோடு அடிப்படையில் எடிட்டர். ஆனால் எக்ஸ்டென்ஷன் என்ற துணைச் செயலிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, ஐடிஇ மாதிரியே ஆகிவிடும். இதற்குக் காரணம் 2016-இல் வந்த ஒரு ஏற்பாடு. அதற்கு முன், எழுதும்போதே மீதிச் சொல்லை எடுத்துக்கொடுப்பது, தப்பை அடிக்கோடிட்டுக் காட்டுவது போன்ற வசதிகளை ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் இருநூறு வேலை. மொழியைப் பற்றிய அறிவை மட்டும் தனியே பிரித்து, எந்த எடிட்டரும் அதனிடம் ஒரே முறையில் கேட்டுக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்டும் ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொது விதிமுறை கொண்டுவந்தன. லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்று பெயர். இருநூறு வேலை முப்பதாகச் சுருங்கியது. விம் போன்ற கிழட்டு எடிட்டருக்குக்கூட ஐடிஇ-யின் மூளை கிடைத்தது இதனால்தான். எடிட்டரா, ஐடிஇ-யா என்ற பழைய சண்டையில் பாதி அன்றைக்கே முடிந்துவிட்டது என்பேன்.

இடையில் ஒரு சுவாரஸ்யம்: 1983-இல் டர்போ பாஸ்கலின் கம்பைலரை எழுதிய டென்மார்க்காரர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், பின்னாளில் மைக்ரோசாஃப்டுக்குப் போய் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியை வடிவமைத்தார். வி.எஸ். கோடு எழுதப்பட்டிருப்பது அந்த டைப்ஸ்கிரிப்டில்தான். நீலத் திரைக் குடும்பத்துக்கும் இன்றைய கறுப்புத் திரைக்கும் அப்படி ஒரு சொந்தம்.

சரி, இதில் புதுப் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்? வி.எஸ். கோடு இறக்கி, ஒரு சி நிரல் எழுதி, ரன் பட்டனை அழுத்துவார்கள். 'ஜிசிசி என்று ஒரு கட்டளை எனக்குத் தெரியாது' என்ற அர்த்தத்தில் ஓர் ஆங்கில வரி வரும். மென்பொருள் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி இறக்குவார்கள். மறுபடியும் அதே வரி.

கெட்டுப்போகவில்லை. வி.எஸ். கோடு கம்பைலரோடு வருவதில்லை, அவ்வளவுதான். ஜிசிசி-யைத் தனியாக நிறுவ வேண்டும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று விண்டோஸுக்கும் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் பட்டியலுக்குப் பெயர் 'பாத்'. டர்போவும் டெவ் சி++ஸும் கம்பைலரை மடியில் கட்டிக்கொண்டே வந்ததால், எடிட்டரும் கம்பைலரும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. இந்த ஒரு புரிதல் இல்லாமல் முதல் செமஸ்டரில் 'எனக்கு கோடிங் வராது' என்று முடிவுகட்டிய பிள்ளைகள் உண்டு. மென்பொருளை நிறுவத் தெரியாததை, மூளை இல்லாததாக நினைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய நஷ்டம்!

இன்னொரு சறுக்கலும் உண்டு. கோடு ரன்னர் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டு, பயனரிடம் எண் கேட்கும் நிரலை ஓட்டுவார்கள். எண்ணைத் தட்டினால் எதுவும் நடக்காது. அது விடையைக் காட்டும் கட்டத்தில் தட்டச்சு செய்ய முடியாது. அமைப்புகளுக்குள் போய் 'டெர்மினலில் ஓட்டு' என்று மாற்ற வேண்டும். ஒரு 'டிக்' போட்டால் தீரும் விஷயத்துக்கு ஒரு நாள் போய்விடும்.

ராம் கணக்கு

அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் விண்டோஸே கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். அதோடு குரோமில் யூடியூப் பாடம் ஒன்று ஓடும். மிச்சத்தில்தான் நம் வேலை. வி.எஸ். கோடு, உள்ளுக்குள் குரோம் மாதிரியே ஒரு பிரவுசரின் மேல் கட்டப்பட்டது. எக்ஸ்டென்ஷன் குறைவாக இருந்தால் ஓடும். பத்து, பதினைந்து சேர்த்தால் திணறும். பைசார்ம், இன்டெலிஜே போன்றவை திறந்தவுடனே உங்கள் கோப்புகளையெல்லாம் படித்து அட்டவணை போடும். 4 ஜிபியில் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. லேப்டாப்புக்குள் ஒரு பொய்ப் போனை ஓட்டும் எமுலேட்டரையும் சேர்த்தால் அதுவும் பத்தாது.

இந்த இடத்தில்தான் வீட்டில் பணப்பிரச்சினை வருகிறது. "கோர்ஸுக்கு இது வேணுமாம்ப்பா" என்று சொல்லி எழுபதாயிரத்துக்கு லேப்டாப் வாங்கச் சொல்வார்கள். முதலாமாண்டு சி, பைத்தானுக்கு அது தேவையே இல்லை. நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் அல்லது ஜினி, கூடவே ஜிசிசி, பைத்தான் இருந்தால் 2 ஜிபி மெஷினிலும் வேலை நடக்கும். 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய மெஷின் அண்ணனிடமோ அக்காவிடமோ கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் தள்ளாடும் மெஷினில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால், சி பழக அது போதும். ராம் ஸ்லாட் காலியாக இருக்கும் லேப்டாப் என்றால், புதிது வாங்குவதற்கு முன் இன்னொரு ராம் போட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாற்றினால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஐடிஇ இல்லாமல் முடியாத வேலைகள்

எடிட்டர்தான் உசத்தி என்று சொல்லும் ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டு ஆண்ட்ராய்டு செயலியை நோட்பேடில் எழுத உட்காராதீர்கள். அது வீரம் இல்லை, தண்டனை.

இரண்டாம் ஆண்டில் ஜாவா வரும். நாற்பது கோப்புகள் உள்ள ஒரு ப்ராஜெக்டில் ஒரு பெயரை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். எடிட்டரில் 'தேடு, மாற்று' போட்டால், எழுத்துகளை மட்டும்தான் பார்க்கும். 'கல்' என்பதையெல்லாம் 'பாறை' ஆக்கு என்று சொன்னால் 'பகல்' என்ற சொல் 'பபாறை' ஆகிவிடும். ஐடிஇ-க்கு எது மாறியின் பெயர், எது வேறு சொல்லின் பகுதி என்று தெரியும். நாற்பது கோப்பிலும் சரியான இடத்தில் மட்டும் மாற்றும். இதே வேலையைக் கையால் செய்து ஒரு இடத்தை விட்டுவிட்டால், ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்று காலையில்தான் தெரியவரும்.

டீபக்கரும் அப்படித்தான். நிரல் தப்பான விடை தருகிறது, எங்கே என்று தெரியவில்லை. பெரும்பாலோர் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் 'பிரிண்ட்' போட்டுத் தேடுவார்கள். டீபக்கரில் ஒரு வரியில் புள்ளி வைத்தால் நிரல் அங்கே நிற்கும். ஒவ்வொரு அடியாக நகர்த்தி, லூப்புக்குள் எண் எப்படி ஏறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். லூப் ஒரு முறை கூடுதலாகச் சுற்றுவது அப்போதுதான் பிடிபடும். ஆரம்பத்தில் படிப்பவருக்கு ஐடிஇ தரும் ஆகப்பெரிய உதவி, என்னைக் கேட்டால், சொல்லை எடுத்துக்கொடுப்பது அல்ல, இதுதான். பைத்தானுக்கு எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்ற குட்டி ஐடிஇ இதை அழகாகச் செய்கிறது. ஒரு கணக்கின் ஒவ்வொரு துண்டும் எப்படி விடையாக மாறுகிறது என்று காட்டும். பழைய மெஷினிலும் ஓடும். ஐடிஇ என்றாலே கனம் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எமுலேட்டரை ஓட்டாமல், உங்கள் போனையே யுஎஸ்பி கேபிளில் சொருகி, டெவலப்பர் ஆப்ஷனில் 'யுஎஸ்பி டீபக்கிங்' போட்டுச் சோதியுங்கள். 8 ஜிபி மெஷின் மூச்சுவிடும்.

ஐடிஇ கிடைக்காத இடங்கள்

வேலைக்கு எடுக்கும் ஆன்லைன் தேர்வுகளில் பிரவுசருக்குள் ஒரு கட்டம் கொடுப்பார்கள். அதற்குள் எழுத வேண்டும். பல தேர்வுகளில் சொல் எடுத்துக்கொடுக்கும் வசதி இருக்காது, அல்லது அணைத்து வைத்திருப்பார்கள். ஐடிஇ எடுத்துக்கொடுத்தே பழகியவருக்கு, பட்டியலை வரிசைப்படுத்தும் கட்டளையின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், விரலுக்கு வராது. நேரில் இன்டர்வியூ என்றால் இன்னும் மோசம், வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும்தான்.

வேலையில் சேர்ந்தபின் வருவது சர்வர். எங்கோ ஓடும் லினக்ஸ் மெஷினுக்குள் டெர்மினல் வழியாக நுழைந்து ஒரு வரியைத் திருத்த வேண்டும். அங்கே மவுஸ் கிடையாது, மெனு கிடையாது. விஐ என்ற எடிட்டர் இருக்கும். பில் ஜாய் 1976-இல் எழுதியது. அதன் வாரிசான விம்மை 1991-இல் வெளியிட்ட பிராம் மூலனார் 2023-இல் காலமானார். விம் பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டு இலவசமாகக் கொடுத்தவர் அவர். விம்முக்குள் போனவர் வெளியே வரத் தெரியாமல் திண்டாடுவது உலகப் பிரசித்தம். 'விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி' என்ற ஒரே கேள்வியைப் பத்து லட்சம் முறை பார்த்திருக்கிறார்கள் என்று 2017-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே எழுதியது. உங்களுக்கு வேண்டுமானால்: எஸ்கேப் அழுத்துங்கள், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, எண்டர். சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். சேமிக்க வேண்டும் என்றால் முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ.

தமிழில் பெயர், செய்தி எழுதினால்

நிரலுக்குள் தமிழ் எழுத்து வரும்போது எடிட்டர் தேர்வில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கோப்பு யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படுகிறதா என்பது. பழைய நோட்பேடில் அப்படியே சேமித்தால் 'மதுரை' என்பது வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 நோட்பேடில் இந்தத் தொல்லை இல்லை. வி.எஸ். கோடு, நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் இரண்டிலும் திரையின் அடியில் இந்த முறையின் பெயர் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானிடம் 'மதுரை' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து துண்டுகளாக அது சேமிக்கப்படுவதுதான் காரணம். இதில் எடிட்டரைத் திட்டிப் பயன் இல்லை. ஆனால் சில எடிட்டர்களில் பின்னோக்கி அழிக்கும்போது கொம்பு மட்டும் போய் எழுத்து நிற்பதும் இதனால்தான்.

எதில் தொடங்குவது?

முதல் இரண்டு, மூன்று மாதம் எளிய எடிட்டரும் டெர்மினலும் போதும் என்பது என் கருத்து. கோப்பைச் சேமியுங்கள். சேமிக்கும்போது விண்டோஸ் கோப்பின் வால்பெயரை மறைத்து வைத்திருக்கும். 'கணக்கு டாட் சி' என்று நீங்கள் நினைத்தது 'கணக்கு டாட் சி டாட் டிஎக்ஸ்டி' ஆகியிருக்கலாம். வால்பெயரைக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு டெர்மினலில் ஜிசிசி என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயர், எண்டர். விண்டோஸில் 'ஏ டாட் எக்ஸி', லினக்ஸில் 'ஏ டாட் அவுட்' என்று புதிதாக ஒரு கோப்பு பிறந்திருக்கும். அதை ஓட்டினால் விடை. எழுதியது ஒன்று, ஓடுவது வேறொன்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. பிழைச் செய்தியையும் உட்கார்ந்து வாசிக்கப் பழகுவீர்கள். அரைப்புள்ளியை விட்டது ஐந்தாவது வரியில், பிழை காட்டுவது ஆறாவது வரியில் என்ற விளையாட்டெல்லாம் அப்போது பிடிபடும்.

இதைத் தமிழில் கேட்டுப் படிக்க வேண்டுமா? ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் லினக்ஸ், சி, பைத்தான் பாடங்கள் தமிழ் ஒலியிலும் உள்ளன. கட்டணம் இல்லை.

கைக்கு இது பழகியதும் வி.எஸ். கோடுக்கோ தானிக்கோ போங்கள், டீபக்கரைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஜாவா ப்ராஜெக்ட், ஆண்ட்ராய்டு வரும்போது முழு ஐடிஇ. ஏ.ஐ. துணை கொண்டு முழுப் பத்தியையே எழுதித் தரும் வசதிகள் இப்போது எல்லா எடிட்டரிலும் வந்துவிட்டன. முதல் ஆண்டு முடியும்வரை அதை அணைத்து வைப்பது நல்லது. வீட்டுக்கணக்கை அண்ணன் போட்டுக் கொடுத்தால் டெஸ்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

டைப்ரைட்டிங் லோயர் முடித்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் லாபம். கண் திரையில், கை தானாக ஓடும். பிராக்கெட்டையும் அரைப்புள்ளியையும் தேடிக்கொண்டிருப்பவருக்கு எந்த எடிட்டர் கொடுத்தாலும் மெதுவாகத்தான் போகும்.

லேபில் டர்போ சி தான் என்றால்?

சண்டை போட வேண்டாம். லேபில் டர்போவிலும் வீட்டில் ஜிசிசி-யிலும் ஓட்டுங்கள். நிரல் ஒன்றுதான், மாற வேண்டியது கொஞ்சம். வீட்டுப் பிரதியில் 'கோனியோ' தலைப்புக் கோப்பு, 'கிளியர் ஸ்கிரீன்', 'கெட்ச்' மூன்றையும் எடுத்துவிடுங்கள். 'வாய்டு மெயின்' என்பதை 'இன்ட் மெயின்' ஆக்கி, கடைசியில் 'ரிட்டர்ன் 0' சேருங்கள். சி++ என்றால் 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்பதில் கடைசி 'டாட் ஹெச்'சை வெட்டிவிட்டு, அடுத்த வரியில் 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' என்று எழுத வேண்டும். ஒரு வாரம் இப்படி இரண்டு பக்கமும் ஓட்டினால், எந்த வரி மொழிக்குச் சொந்தம், எந்த வரி நீலத் திரைக்குச் சொந்தம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவீர்கள். ரெக்கார்டு நோட்டில் மட்டும் 'கெட்ச்'சை மறக்காமல் எழுதிவிடுங்கள். எக்ஸ்டர்னல் வருகிறவர் கடைசி வரியில் அதைத்தான் தேடுவார்.